பல்லுப் பெரட்டு

ஆஸ்பத்திரியில் பல் பார்க்கிற அறைக்கு வெளியே ஒரு சிறிய மேசை போட்டிருந்தார்கள். அதன்மேல் வெள்ளைத் தாள்களும், பால்மா டின் ஒன்றில் கலர் பென்சில்களும் இருந்தன. பென்சில்களை எண்ணினேன். எட்டு. கறுப்பும் சிவப்பும் தேய்ந்து கட்டையாகியிருந்தன. மஞ்சளும் பச்சையும் கடையில் வாங்கிய உயரத்திலேயே நின்றன. எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுகிறவன் நான். எண்ணியதை வைத்து யோசிக்கிற பழக்கம்தான் குறைவு. அந்த மேசையில் உட்கார்ந்து போன பிள்ளைகள் ஏன் மஞ்சளைத் தொடவில்லை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கறுப்பை இரண்டாக வாங்கி வைத்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

என் பேத்திக்கு ஏழு வயது. கீழ்க் கடைவாயில் ஒரு பால் பல் சொத்தையாகி, வலது கன்னம் இரண்டு நாளாக வீங்கியிருந்தது. எங்கள் வீடு தெரணியகலைக்கு மேலே, றப்பர் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. மழையோடு இறங்கி, ஒரு த்ரீவீலரும் இரண்டு பஸ்ஸும் மாறி வந்திருந்தோம். மகள் அவிசாவளையில் ஒரு தையல் ஃபெக்டரிக்குப் போகிறாள். அன்று லீவு கிடைக்கவில்லை. மருமகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். ஆகவே பிள்ளையை வளர்ப்பதில் பகல் பங்கு என்னுடையது.

தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிங்களம் தடங்கலில்லாமல் பேசுவேன். கவர்மென்ட் கச்சேரி, போஸ்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் எங்கள் வீட்டுக்கு வாய் நான்தான். அன்றும் பஸ்ஸிலேயே பேத்தியிடம் சொல்லி வைத்தேன்: அங்கே போய் நீ ஒன்றும் பேசாதே, கேட்கிறதற்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

டாக்டர் ஓர் இளம்பெண். எங்கள் பக்கத்தில் டாக்டர் நோனா என்போம். அவருக்குத் தமிழ் வராது. வெளியே வந்து குனிந்து, பேத்தியின் கன்னத்தைத் தொடாமல் பார்த்தார். பிறகு என்னிடம் சிங்களத்தில் சொன்னார்: உள்ளே வருவதற்கு முன் பிள்ளை ஒரு படம் வரையட்டும். பல்லுக்கு மருந்து செய்கிற இடத்தை வரையட்டும். அங்கே இருக்கிற ஆட்களைத் தனக்குத் தோன்றுகிறபடி வரையட்டும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நான் முதல் மூன்றையும் தமிழில் சொன்னேன். கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

எதற்காகப் படம் என்று கேட்டேன். பயம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள என்றார். வாயால் கேட்டால் பிள்ளைகள் கூட வந்த பெரியவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார்கள், வரையும்போது தாளை மட்டும்தான் பார்க்கிறார்கள் என்றார். அதற்கு மார்க் உண்டா என்று கேட்டேன். ஒரு மாதிரி உண்டு என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

மார்க் உண்டு என்றதும் எனக்குப் பதற்றம் தொற்றிவிட்டது. எங்கள் பிள்ளை குறைவாக வாங்கிவிடக் கூடாது. அவள் கறுப்புப் பென்சிலை எடுத்ததும் நான் பின்னால் போய் நின்றேன்.

"கலர் போடு பாப்பா. மேல ஒரு சூரியன் போடு. ஜன்னல்ல பூ போடு."

அவள் போடவில்லை. பக்கத்து பெஞ்சில் வேறொரு தோட்டத்திலிருந்து வந்த பெண் மடியில் மகனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னாள்: "அய்யா, பேத்தி ஸ்கொலர்ஷிப்பா எழுதுது? தலைக்கு மேல நிக்கிறீங்க. அந்தப் புள்ள கொஞ்சம் மூச்சு விடட்டும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் வந்தேன். ஆனாலும் அங்கிருந்து படம் நன்றாகவே தெரிந்தது.

தாளின் கீழ் மூலையில் ஒரு சின்ன நாற்காலி. அதில் ஒரு சின்னப் பெண். அவளுக்குக் கைகள் இல்லை, கண்கள் இல்லை. வாய் மட்டும் இருந்தது; முகத்தில் மற்ற எதற்கும் இடம் விடாத வாய். பென்சிலை அழுத்தி அழுத்தி அதைக் கறுப்பாக்கியதில் அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில், தாளின் அடியிலிருந்து நுனி வரைக்கும், ஓர் ஆள். கண்ணாடி போட்ட ஆள். நீட்டிய கையிலிருந்து கோடு கோடாக வெளிச்சம் அந்தப் பெண்ணின் வாய்க்குள் போனது. அந்தக் கையில் விரல்களை எண்ணினேன், ஆறு. ஒரு விரல் கூடிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் மற்றக் கையைப் பார்த்தேன். முழங்கையில் வளைந்த பிடியோடு ஒரு குடை தொங்கியது.

என் முழங்கையிலும் அப்போது குடை தொங்கிக்கொண்டிருந்தது.

தோட்டங்களில் விடிந்ததும் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி, ஆள் எண்ணி, வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். நான் உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க அந்த எண்ணிக்கை என் மேசைக்குத்தான் வந்து சேரும். ஓய்வு பெற்ற பிறகு எண்ண ஆளில்லை. மகள் இருட்டோடு பஸ்ஸுக்குப் போய்விடுவாள். பேத்தி தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் பல் துலக்கிவிட்டு வந்ததும் வாசற்படியில் நிறுத்துவேன். மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, ஃபோனில் இருக்கிற டோர்ச்சை அடித்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவேன். நல்ல பல் இத்தனை, கறுத்தது இத்தனை, ஆடுவது இத்தனை. ஒருநாள்கூடத் தவறியதில்லை. தீபாவளிக்கு வந்த மருமகன் அதைப் பார்த்துவிட்டு, "மாமா பல்லுப் பெரட்டு எடுக்குறாரு, யாரும் குறுக்க போகாதீங்க" என்றார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மகளும் வழக்கம்போல வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு நானே காலையில் "பாப்பா, பெரட்டு" என்று கூப்பிடத் தொடங்கினேன்.

அக்கறையினால்தான் செய்தேன். என் வாயில் சொந்தப் பல் ஐந்துதான் மிச்சம். அந்த நிலை அவளுக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் எண்ணி முடித்த பிறகு நான் சும்மா விட்டதில்லை. டொஃபி தின்றதற்குத் திட்டுவேன். "இன்னொண்ணு கறுத்துருச்சு. ஆஸ்பத்திரியில குறடு வச்சிருக்காங்க, கட்டிப் போட்டுப் புடுங்குவாங்க" என்பேன். சில நாட்களில் டோர்ச்சை அணைக்காமலே அதைச் சொல்வேன். அப்படிச் சொன்னால் பிள்ளை ஒழுங்காகத் துலக்கும் என்பது என் கணக்கு.

இதெல்லாம் அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது என் மனதில் ஓடியது. எழுதுவதற்கு இத்தனை வரிகள் ஆகின்றன. அங்கே குடையைப் பார்த்த கணத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். எத்தனை கலர் எடுத்தாள், தாளில் எவ்வளவு இடத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள், கண் போட்டாளா, கை போட்டாளா என்றெல்லாம் அவரும் எண்ணுகிறார் என்பது தெரிந்தது. பிறகு அந்தப் பெரிய உருவத்தில் விரல் வைத்து, இது யார் என்று பிள்ளையிடம் கேட்கச் சொன்னார்.

நான் கேட்டேன். "யாரு பாப்பா இது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான்," என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று டாக்டர் கேட்டார்.

டாக்டரும் கண்ணாடி போட்டிருந்தார். அது எனக்கு உதவியாக இருந்தது. "உங்களைத்தான் வரைந்திருக்கிறாளாம், டாக்டர் நோனா," என்று சிங்களத்தில் சொன்னேன். குரலில் ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொண்டேன்.

டாக்டர் அதை அப்படியே நம்பினார். தன்னைக் கண்டுதான் பிள்ளை பயப்படுகிறது என்று எண்ணி முகமூடியைக் கழற்றினார். கண்ணாடியையும் கழற்றினார். தன் ஸ்டூலைத் தாழ்த்தி, பிள்ளையை இருத்திய நாற்காலியிலிருந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். என்னைத்தான் பக்கத்தில் வரச்சொன்னார். தாத்தா பிடித்துக்கொண்டிருந்தால் பயம் குறையும், வாயைத் திறக்கச் சொல்லுங்கள் என்றார். இல்லை, நான் தள்ளி நிற்கிறேன் என்று சொல்ல அப்போதும் ஒரு வழி இருந்தது. ஆனால் ஒரு பொய்யைச் சொன்ன பிறகு அதற்கேற்ற இடத்தில்தானே நிற்க வேண்டியிருக்கிறது. நான் போய் அவளுடைய மோவாயைப் பிடித்தேன். என் கை தன் பழக்கத்தில் அவள் முகத்தை நிமிர்த்தியது.

அவள் பற்களைக் கடித்துக்கொண்டாள். கன்னத்து வீக்கம் வெள்ளையாக வெளிறும் அளவுக்குக் கடித்தாள். டாக்டர் கண்ணாடி பதித்த கம்பியைக் காட்டினார், பஞ்சைக் காட்டினார், தன் வாயைத் திறந்து காட்டினார். நான் காதருகே குனிந்து கெஞ்சினேன், பிறகு அதட்டினேன். அவள் அழவில்லை. அழுதால் வாய் திறந்துவிடும் என்று தெரிந்து வைத்திருந்தாள் போல.

கடைசியில் டாக்டர்தான் போதும் என்றார். வீக்கம் வற்ற மருந்து எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து வாருங்கள், பல்லை விட்டுவைக்க முடியாது, அன்றைக்கும் திறக்காவிட்டால் இரத்தினபுரிக்கு அனுப்பி மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அந்தப் படத்தைக் கிழிசலோடு மடிக்காமல் பைலில் வைத்தார். "என்னுடைய பிழைதான். முதல் தடவை இன்னும் மெதுவாகப் பழகியிருக்க வேண்டும்," என்று சொன்னார். நான் பரவாயில்லை என்று தலையாட்டினேன். தலையாட்டியதை நினைத்தால் இப்போதும் கழுத்து கூசுகிறது.

பொழுது சாயும்போது மகள் வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். பிள்ளை டாக்டர் நோனாவைப் பேய் மாதிரி வரைந்து வைத்தாள், வாயைத் திறக்கவில்லை, ஒரு நாள் வீண் என்றேன். மகளுக்கு நாள் முழுக்க நின்று தைத்த களைப்பு. மயக்க மருந்து என்றதும் பயந்தும் போனாள். அந்தப் பயமெல்லாம் பிள்ளைமேல்தான் இறங்கியது.

"அந்த நோனா ஒன்ன என்ன செஞ்சாங்க? நல்லது செய்ய வந்தவங்கள இப்படியா வரைவ? அவங்க மனசு என்னா பாடுபட்டிருக்கும்?"

பேத்தி என்னை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான். பிறகு தட்டில் இருந்த சோற்றை இடது பக்கத்தால் மெல்லத் தொடங்கினாள். நான் வெளியே போய், மழை நின்றுவிட்டதா என்று பார்ப்பதுபோல நின்றேன். மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை பெரட்டு எடுக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. எடுத்தேன். வீக்கம் எப்படி என்று பார்க்க வேண்டுமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாளும் எடுத்தேன். மூன்றாம் நாள் நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அவள் வாசற்படியில் வந்து நின்று, தானாகவே முகத்தை நிமிர்த்தி வாயைத் திறந்தாள். டோர்ச்சை அடித்தேன். உடனே கண்களை இறுக மூடிக்கொண்டாள். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

படத்தில் அந்தப் பெண்ணுக்குக் கண்ணும் கையும் இல்லாதது ஏன் என்று அப்போது விளங்கியது. அவள் ஒன்றையும் விட்டுவிடவில்லை. தினமும் என் முன்னால் நிற்கிறபடியேதான் வரைந்திருந்தாள். நானும் தினமும் பார்த்திருக்கிறேன். பற்களைத்தான் பார்த்தேன்.

டோர்ச்சை அணைத்துவிட்டு, போய் யூனிஃபோர்ம் போடு என்றேன். எண்ணி முடிக்கவில்லையே என்பதுபோல அவள் கொஞ்ச நேரம் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். இம்முறை பஸ்ஸில் நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை. டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வழி நெடுகச் சிங்களத்தில் வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். பல வாக்கியம் அமைத்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. டாக்டர் மறுபடி ஒரு தாள் கொடுத்தார். நான் பெஞ்சின் அடுத்த கோடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் வரைந்து முடித்ததும் டாக்டர் வெளியே வந்து, சின்ன மேசைக்குப் பக்கத்தில் தரையில் குந்தினார். என்னைக் கூப்பிடவில்லை. படத்தில் விரலை வைத்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். ஜாடையிலேயே கேட்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ. வழக்கம்போலச் சிங்களத்தில்தான், இது நானா என்று தன்னையே காட்டிக் கேட்டார்.

"நே, மே மகே சீயா," என்றாள் என் பேத்தி.

இல்லை, இது என் தாத்தா. சிங்களத்தில் சொன்னாள். அதோடு நிற்கவும் இல்லை. காலையில் வாயைத் திறக்கச் சொல்வார், டோர்ச் அடிப்பார், பல்லை எண்ணுவார், கறுத்திருந்தால் குறடு என்று சொல்வார். இத்தனையும் சின்னச் சின்ன வாக்கியமாக, பிழையில்லாத சிங்களத்தில் சொன்னாள். நான் ஆபீசில் பல வருஷம் தட்டித் தடவிப் படித்த பாஷையை, பஸ் ஹோல்டில் சிங்களப் பிள்ளைகளோடு நின்றும் டிவியில் கார்ட்டூன் பார்த்தும் அவள் படித்திருக்கிறாள். வீட்டில் அவளிடம் எண்ணாதது எதுவும் இல்லை என்று இருந்தவனுக்கு அது தெரியாது.

அப்படியானால் முதல் தடவை நான் டாக்டரிடம் சொன்ன பொய்யும் அவளுக்கு விளங்கியிருக்கிறது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எழுந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் முதல் நாள் கண்ணாடியைக் கழற்றித் தள்ளி உட்கார்ந்ததை நினைத்துப் பார்க்கிறவர்போல ஒரு கணம் நின்றார். பிறகு, "ஐயா கொஞ்சம் இங்கேயே இருங்கள்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவை முழுக்கச் சாத்தவில்லை. பெஞ்சில் இருந்தவர்களில் சிங்களம் தெரிந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாதவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் குடையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

மேசையில் படம் கிடந்தது. இப்போதும் கண்ணாடி போட்ட ஆள்தான் தாளில் பெரியவர். முன்னைவிட இரண்டு விரற்கடை குறைந்திருந்தார். குடை இருந்தது. நாற்காலியில் இருந்த பெண்ணுக்குச் சிவப்பில் ஒரு சட்டை. கண் இன்னும் இல்லை.

உள்ளே முதலில் சத்தமே இல்லை. பிறகு டாக்டரின் குரல் கேட்டது. "எகாய்." சற்றுப் பொறுத்து, "தெகாய்." மூன்றாவதில் இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்வதால் எழுத்து நிற்காமல் வழுக்குகிற குரல். "துனாய்." பற்களைத்தான் எண்ணினார்கள். நான் எண்ணிய அதே பற்கள், அதே வாய். ஓரிடத்தில் டாக்டர் பிழையாக ஓர் எண்ணைத் தாண்டினார். வேண்டுமென்றுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளை அதைத் திருத்தியது. அதற்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள். என் பெரட்டில் ஒருநாளும் அவள் வாயிலிருந்து சத்தம் வந்ததில்லை.

பல் வந்துவிட்டது. இரத்தினபுரிக்குப் போகத் தேவையில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். துணித் துண்டில் சுற்றிய பல்லை என்னிடம் தரவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். நான் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். அமைத்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட உதவவில்லை, வெறும் சொல்லாகத்தான் வந்தது. அவர் அதற்கு, இனி அவளே எண்ணிக்கொள்ளட்டும், கண்ணாடியைப் பார்த்து, என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தேன். றப்பர் மரங்கள் தொடங்கும் வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"அன்னைக்கு நான் சொன்னதும் ஒனக்கு வெளங்குச்சா பாப்பா?"

தலையாட்டினாள்.

"அப்ப அம்மா ஏசுனப்ப ஏன் நீ சொல்லல?"

பஞ்சை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "நீங்க பேசாதன்னு சொன்னீங்கதானே," என்றாள். பிறகு பஞ்சை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

அன்று மகள் வந்ததும், அவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். படத்தில் இருந்தது யார், நான் டாக்டரிடம் என்ன சொன்னேன், பிள்ளை ஏன் வாயை மூடினாள், எல்லாம். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் முதலில் பிள்ளையிடம் போய் அதன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு மெல்லச் சிரித்தாள்.

"எங்க காலத்துல டோர்ச் இல்லப்பா. கரண்டிக் காம்ப வச்சுத்தான் எங்க வாயத் தொறப்பீங்க," என்றாள். "வலிக்குதுன்னா நீங்க எல்லாருக்கும் சொத்தப் பல்ல எண்ணிக் காட்டுவீங்க. அதான் நான் வலிக்குதுன்னே சொல்றதில்ல. கடவாய்ல ரெண்டு பல்லு போயிருச்சு. ஒங்களுக்குத் தெரியாதுல்ல?"

தெரியாது. அவள் சிரிக்கும்போது கையை வாய்க்குக் கொண்டுபோவதை வெட்கம் என்று நினைத்திருந்தேன். பெண் பிள்ளைக்கு அழகுதான் என்று யாரிடமோ சொன்னதும் நினைவிருக்கிறது.

அன்றிரவு பேத்தி அம்மாவுக்கு வாயைத் திறந்து பல் போன இடத்தைக் காட்டினாள். மகள் குப்பி விளக்கின் அளவுக்குக்கூட வெளிச்சம் கேட்கவில்லை. இருந்த வெளிச்சத்திலேயே பார்த்துவிட்டுப் போதும் என்றாள். நான் எழுந்து அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது காலையில் பெரட்டு இல்லை. பீலியடியில் ஒரு கண்ணாடித் துண்டை ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். அவள் அதன் முன்னால் நின்று துலக்கிவிட்டு, எகாய், தெகாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது வீட்டுக்குள் கேட்கும். எத்தனை என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது சுலபமாக இல்லை. அவள் என்னோடு பேசுகிறாள், பஸ்ஸில் கையைப் பிடித்துக்கொள்கிறாள், பள்ளிக்கூடத்தில் வரைந்த படங்களைக்கூடக் கொண்டுவந்து காட்டுகிறாள். ஆனால் என் முன்னால் கொட்டாவி வந்தால், கையால் வாயை மூடிக்கொள்கிறாள்.